கடைசி பெஞ்சில் ஒரு சரணம்

தம்பி,

நீ போனில் கேட்டது ஒரே கேள்வி. "நைனா, நீ கல்யாணத்துக்கு வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்." பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி, காதில்கூட வைக்காமல், தறிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நீ அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்படி விட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், குரல் ஏறும், பிறகு இரண்டு நாளைக்குத் தொண்டையில் வெறும் காற்றுதான் வரும். இனிமேல் கத்தாதீர்கள் என்று தொண்டை டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்திக் கத்தியே தெருவில் பெயர் வாங்கியவனிடம் போய் அதைச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. உன் கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரொம்ப அலுத்துப்போயிருக்கிறேன். உன் மேல் இருக்கும் கோபம்கூடப் பழைய வேகத்தில் இல்லை. காலையில் எழுந்ததும் அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எஸ்தர் நல்ல பெண் என்றாய். நான் இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணம் வாலாஜாபாத்தில், அவர்கள் சர்ச்சில் என்றாய். அங்கேதான் சிக்கல். ஐப்பசி கடைசியில் உன் கல்யாணம். அது முடிந்த கையோடு கார்த்திகை முதல் தேதி. பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் என் கையால்தான் போட்டுக்கொள்கிறார்கள். பஜனையில் மைக்கைப் பிடித்து முதல் அடி எடுப்பவனும் நான்தான். குருசாமி என்று ஊர் கூப்பிடுவது இந்த இரண்டுக்காகவும்தான். நீ பத்திரிகை அடிக்கக் கொடுத்த மறுநாளே டோலக் வாசிக்கும் முருகேசன் நம் வீட்டுக்கு வந்துவிட்டான். குழுவில் எல்லோரும் பேசி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவன் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

"குருசாமி, தப்பா எடுத்துக்காத. நீ சர்ச்சுல போயி உக்காந்துட்டு வந்து, அதே கையால எங்களுக்கு மாலை போட்டுவுடுவியா?"

"மலைக்குப் போறச்சே வாவர் சாமி பள்ளிவாசலச் சுத்திட்டுத்தானேடா ஏர்றோம்?"

"அது எருமேலியில குருசாமி. இது வாலாஜாபாத்துல."

குழு வைத்திருந்த கணக்கு இதுதான். சர்ச்சுக்குப் போனால் இந்த வருடம் மைக்கும் இல்லை, மாலை போட்டுவிடும் வேலையும் இல்லை. போகாவிட்டால் எல்லாம் பழையபடி. காபி குடித்துவிட்டுத்தான் போனான். போகும்போது, "நீயே யோசனை பண்ணி சொல்லுபா, அவசரமில்ல" என்றான். அவசரமில்லை என்று சொல்கிறவர்கள்தான் வாசலைவிட்டு நகராமல் நிற்பார்கள். அன்றிலிருந்து தினமும் யாராவது ஒருவர் வந்து என்ன முடிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் அம்மாவோ வேறு பாட்டுப் பாடினாள். "வெள்ளைப் புடவ கட்டிக்கினு வர்ற பொண்ண எப்படிங்க மருமவன்னு கூப்புடறது?" என்றாள். கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கென்று கடைக்காரர் கேட்டு, வெள்ளையில் ஜரிகை போட்டு நானே எத்தனையோ புடவை நெய்து கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் நூல் சுற்றிக் கொடுத்தவள் இவள்தான். அதைச் சொன்னேன். "அது ஊரான் ஊட்டுப் பொண்ணு" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயப்பன் கோச்சிக்குவாரு. எனக்கு இந்த வருஷம் சாமி வராது" என்று அழுதாள். அவளுக்குச் சாமி வருவது எந்தப் பாட்டில் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் படி பூஜை நடக்கும்போது, பதினெட்டுப் படிக்கும் விளக்கேற்றியதும் நான் எடுக்கும் அந்தப் பாட்டு. முதல் அடி முடிவதற்குள் அவள் உடம்பு உலுக்கிக்கொள்ளும். அவளைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்ன வயதில் உன் வேலை.

அந்தப் பாட்டின் பூர்வோத்தரத்தை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அது ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு. மழையில் நனைந்துகொண்டு கதாநாயகன் கதாநாயகியின் கூந்தலைப் பார்த்துப் பாடுவது. எனக்கு அப்போது கல்யாணமான புதிது. தெருவில் எல்லாத் தறிக்குப் பக்கத்திலும் ஒரு ரேடியோ இருக்கும், எல்லோரும் ஒரே நிலையத்தை வைத்திருப்பார்கள். தெருமுனையில் ஆரம்பித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே கடைசி வீடுவரைக்கும் நடந்தால் ஒரு வார்த்தை விட்டுப்போகாது. இந்தப் பாட்டு வரும்போது மட்டும் தெரு முழுக்கத் தறிச் சத்தம் அதன் தாளத்துக்குப் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, கால் தானாக அப்படி மிதிக்கும். அந்த வருடக் கார்த்திகையில் தறியில் உட்கார்ந்தபடியே அதற்கு ஐயப்பன் பாட்டாகச் சொல் போட்டேன். கூந்தல் வந்த இடத்தில் பதினெட்டாம் படியை வைத்தேன். பல்லவி முடிந்ததும் படத்தில் வயலின்கள் கிளம்பும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. நம்மிடம் வயலினுக்கு எங்கே போவது? அந்த இடத்தில் கூட்டம் மொத்தமும் "சரணம் ஐயப்பா" என்று சொல்லட்டும் என்று வைத்தேன். முதல் சனிக்கிழமை பாடியபோதே கூரை அதிர்ந்தது. அதிலிருந்து வருடா வருடம் புது மெட்டில் புதுப் பாட்டு வேண்டும் என்பார்கள், அதுவும் செய்வேன். ஆனால் இது இல்லாமல் ஒரு பஜனையும் முடிந்ததில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நீ பள்ளிக்கூடம் சேராத வயது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் கேசட் போட்டார். அந்தச் சினிமாப் பாட்டு. நீ அதுவரை ஒரிஜினலைக் கேட்டதேயில்லை. கேட்டவுடன் மடியிலிருந்து இறங்கி நின்று, கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வயலின் வரும் இடத்தில் பஸ் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி "சரணம் ஐயப்பா" என்று கத்தினாய். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "சாமிக்கு டிக்கெட் வாணாம்பா" என்றார். நீ என்னைப் பார்த்து, "நைனா, நம்ப சாமி பாட்ட யாரோ எடுத்துக்கினு போயி பொண்ணு பாட்டா மாத்திட்டாங்க" என்று அழுதாய். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெட்டு பாத்திரம்தான், அதில் நாம் ஊற்றியதுதான் தீர்த்தம் என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் பிள்ளைக்கே தீர்த்தம்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை எவ்வளவு நாளைக்கு? வளர்ந்ததும் உனக்குப் பாத்திரம் போதும் என்றாகிவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் படுத்திருப்பாய். மாலை போடுவதை நிறுத்தினாய். சென்னையில் உனக்குப் பிடித்த இசையமைப்பாளரின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி என்னையும் கூட்டிப்போனாயே, அன்று நான் வரும் வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் சத்தம் இல்லை. ஒரு மெதுவான பாட்டு ஆரம்பித்ததும் மைதானம் முழுக்க எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். கற்பூரம் காட்டும்போது கூட்டத்தில் ஒரு அமைதி வருமே, அதே அமைதி. உன் பக்கத்தில் நின்ற பையன், யாரோ எவனோ, உன் தோளில் கைபோட்டுக்கொண்டு அழுதான். நீயும் அழுதாய். "எனக்கு இதான் கோயிலு நைனா" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நீ சாமியை மறுத்ததால் வந்த கோபம் என்று அப்போது நினைத்தேன். அப்படியில்லை தம்பி, பொறாமை. எனக்கு அந்த அழுகை வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் முதல் அடி எடுப்பேன், கூட்டம் வாங்கிச் சொல்லும். பெண்களுக்குச் சாமி வரும், ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒன்றும் அசையாது. கீபோர்டுக்காரன் சுருதியை இறக்கினானா, டோலக் ஓடுகிறதா, மைக் கீச்சிடுகிறதா, அடுத்து எந்தப் பாட்டு, இதுதான் ஓடிக்கொண்டிருக்கும். விருந்து சமைத்தவனுக்குப் பசி இருக்காது என்பார்களே, அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். வயதாக ஆக அந்தச் சமாதானமும் தேய்ந்துபோனது. மலை ஏறும்போதுகூட முட்டி வலிதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மாதிரி வேலைக்குப் போய் வருகிற அலுப்பு. மாலையைக் கழற்றி வைக்கும் நாளில் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கும்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ கம்பெனி ஷிப்டில் இருந்தாய், உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் ஜரிகை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். எஸ்தரின் அப்பாவைப் பார்த்து, "இது சரிப்பட்டு வராதுங்க, நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லி நிறுத்திடுங்க" என்று கேட்கத்தான் போனேன். ஆமாம், உன் முதுகுக்குப் பின்னாலேதான். உன்னிடம் சண்டை போடத் தெம்பு இல்லை, முன்பின் தெரியாத ஆளிடம் மரியாதையாகப் பேசி முடித்துவிடலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் வரிவரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீடு பூட்டியிருந்தது. அரிசி மில்லில் நெல் அவிக்கிறவரா, அவர் சர்ச்சில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் கையைக் காட்டினார்கள். தகரக் கூரை போட்ட சின்ன சர்ச். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "வெயில்ல ஏன் நிக்கறீங்கண்ணா, உள்ள வந்து உக்காருங்க, ஃபேன் ஓடுது" என்றார். மறுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு களைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன்.

முன்னால் ஒல்லியாக ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீபோர்டு வாசிக்கும் பையனைப் பார்த்துச் சுருதியை இறக்கச் சொல்லிக் கையை அசைத்தார். அந்தக் கையசைப்பைப் பார்த்தவுடனேயே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. பாட்டு ஆரம்பித்தது. என் பாட்டு. அதே மெட்டு, கொஞ்சம் நிதானமாக. நான் பதினெட்டாம் படியை வைத்திருந்த இடத்தில் அவர்கள் சிலுவையை வைத்திருந்தார்கள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுப் பசங்களா, எவ்வளவு தைரியம் என்று எழுந்துவிடப் பார்த்தேன். எழுவதற்குள், அந்தக் கூந்தல் ஞாபகத்துக்கு வந்தது. நான் யாரிடம் கேட்டு எடுத்தேன்? உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் உன் அம்மா மாதிரியே தலையை லேசாக ஆட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீபோர்டைக் கவனிக்க வேண்டியது என் பொறுப்பில்லை. அடுத்த பாட்டு எது என்ற கவலை என்னுடையதில்லை. யாரோ எடுத்துக் கொடுக்க, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லவி முடிந்தது. அந்த இடைவெளி வந்தது. என் வாயிலிருந்து, டாக்டர் வேண்டாமென்ற முழுக் குரலில், "சரணம் ஐயப்பா" என்று வந்துவிட்டது.

அவர்கள் அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறார்கள் தம்பி. வேறு ஒரு சத்தமும் இல்லை. தகரக் கூரைக்கடியில் என் குரல் மட்டும். சர்ச் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையிலிருந்து எஸ்தரும் திரும்பினாள். உன் போனில் படம் பார்த்திருக்கிறேனே, உடனே தெரிந்தது. ஃபேன் அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார். ஓடிவிடலாம் என்று பார்த்தால் கால் எழவில்லை. வெட்கத்தினால் என்றுதான் முதலில் நினைத்தேன். கழுத்திலிருந்து முழங்கைவரைக்கும் மயிர்க்கூச்செறிந்து நின்றது, கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. எனக்கு அது வந்துவிட்டது. இத்தனை வருடம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் வந்தது, எங்கெங்கோ தேடி அலுத்தது, அங்கே, அந்த பெஞ்சில் வந்தது. எடுத்துக் கொடுக்கிறவனாகவே இருந்துவிட்டேன், ஒரு நாளும் வாங்கிச் சொன்னதில்லை. அது வாங்கிச் சொல்கிறவர்களுக்கு வருவது போலிருக்கிறது. முன்னால் நின்றவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தலையை அசைத்துவிட்டு அடுத்த அடியை எடுத்தார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "வாங்க சாமி. காஞ்சிபுரந்தானே?" என்றார். மாலை போடாத மாதத்தில் என்னைச் சாமி என்று கூப்பிட்ட ஒரே ஆள் உன் மாமனார்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வுடுங்க சாமி. அந்த எடத்துல இன்னா போடறதுன்னு எங்களுக்கும் தெரியல. சும்மா வுட்டு வெச்சிருக்கோம்" என்றார். "அது கெடக்கட்டும். நீங்களும் இதே மெட்டுல பாடறவருன்னு அந்த ஒரு சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. மேல ஏறுதே, அந்த ரெண்டாவது அடி, அத எப்படி ஒரே மூச்சுல எடுக்கறீங்க? எனக்கு பாதியில காத்து போயிடுது."

"பாதியில யாரு மூச்சு எடுக்கச் சொன்னது? அதுக்கு முந்தின வார்த்தையிலயே புடிச்சி வெச்சிக்கணும்" என்றேன்.

வேப்பமரத்தடியில் டீ வந்தது. முதலில் அந்த மெட்டை எடுத்தது அவரா நானா என்று கொஞ்ச நேரம் தகராறு போட்டோம். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. எஸ்தர் டம்ளர் வாங்க வந்தவள், ஒன்றும் கேட்காமல், "முட்டி வலிக்குதுன்னு சொன்னாரு, சேர்ல உக்காருங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நீ என் முட்டியைப் பற்றியெல்லாம் அவளிடம் பேசியிருக்கிறாய் என்று தெரிந்தது. சொல்லப் போன விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "ஜரிகை எங்க?" என்றாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மெட்டில் அவர்களும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். நூல் சுற்றும் ராட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா பாடனாங்களா?"

"நல்லாத்தான் பாடனாங்க. நம்பளவிட கொஞ்சம் மெதுவா."

"அது மெதுவாத்தான் பாடணும். நீங்க எப்பவும் ஓட்டுவீங்க" என்றாள். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் மனம் முழுதாக மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்னும் அழுகிறாள், இன்னும் வெள்ளைப் புடவையைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் நேற்று, "அங்க எல்லாரும் செருப்பு போட்டுக்கினு உள்ள போவாங்களா, கழட்டிட்டா?" என்று கேட்டாள். போக எண்ணமில்லாதவள் எதற்கு அதைக் கேட்கிறாள்? அவளை நீ அவசரப்படுத்தாதே. கல்யாணத்துக்குப் பிறகும் எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள், சனிக்கிழமை விரதம் இருக்கிறாளா என்று யார் கேட்டாலும் நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே, அவளைப் பேசவிடு. எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான்: வீட்டில் எப்போதும் நீயே எடுத்துக் கொடுக்கிறவனாக இருக்காதே. நான் அப்படி இருந்து என்ன கண்டேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

முருகேசனிடம் சொல்லிவிட்டேன். இந்த வருடம் வேறு ஒருவர் கையால் மாலை போட்டுக்கொள்ளுங்கள், மைக்கையும் அவருக்கே கொடுங்கள் என்றேன். அவன் எதிர்பார்க்கவில்லை, முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பஜனை நாளில் வாசலில் மைக் டெஸ்ட் சத்தம் கேட்கும்போது கை பரபரக்கும். நான் கோயிலில் குருக்கள் கையால் மாலை போட்டுக்கொள்வேன். ஆனால் பஜனைக்கு வரவேண்டாம் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. பின்னால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்துக் கொடுப்பதை வாங்கிச் சொல்வேன்.

உன் கேள்விக்குப் பதில்: வருகிறேன். உன் அம்மாவையும் எப்படியாவது கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு முன்வரிசை வேண்டாம், கடைசி பெஞ்சில் இடம் போட்டு வை. உன் மாமனாரிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொல், மெதுவாக. வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பஸ்ஸில் நீ கத்தியபோது உன்னை நான் அடக்கவில்லை என்பதை மட்டும் அன்றைக்கு நினைத்துக்கொள்.

நைனா